வண்டி என்ன கொடுக்குதுன்னு மட்டும் பார்க்காதீங்க, என்ன கேட்குதுன்னும் பாருங்க

உழவர் இதழில் இரண்டு பழைய இங்கிலாந்து கார்களைப் பற்றி எழுதினால், "இது எதுக்குங்க நமக்கு?" என்று கேட்கத்தான் செய்வீர்கள். நியாயமான கேள்வி. அந்த இரண்டில் ஒன்று விவசாய வேலைக்காகவே செய்யப்பட்ட வண்டி. அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கு. அந்த இரண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பார்த்தால், நாளைக்கு நீங்கள் வாங்கப்போகிற களையெடுக்கும் மெஷின், டிராக்டர், லோடு வண்டி எல்லாவற்றையும் எடைபோட ஓர் அளவுகோல் கிடைக்கும்.

ஒன்று, 1948இல் வந்த லேண்ட் ரோவர். சேறு, மேடு, பள்ளம் என்று பார்க்காமல் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. மற்றொன்று, 1961இல் வந்த ஜாகுவார் இ டைப். தாழ்ந்து, நீண்டு, கூரை போட்டு, இரண்டு பேர் மட்டும் உட்காரும் வேகக் கார். இந்த வகையைக் கூபே என்பார்கள். பழைய வண்டி சேகரிப்பவர்கள் இவற்றை அழகையும் விலையையும் வைத்துப் பேசுவார்கள். நாம் உழவர் கண்ணால் பார்ப்போம்.

முதலில் லேண்ட் ரோவர் பிறந்த கதை. ரோவர் கார் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ். அவருக்கு வேல்ஸ் நாட்டில் ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து கழித்துவிட்ட அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை வாங்கி, பண்ணை வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஜீப் நன்றாகத்தான் உழைத்தது. ஆனால் அது தேய்ந்துபோனால் அதன் இடத்தில் வாங்கி நிறுத்த இங்கிலாந்தில் பொருத்தமான வண்டி இல்லை. நாமே செய்தால் என்ன என்று 1947இல் அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸோடு சேர்ந்து இறங்கினார். அண்ணன்தான் கம்பெனியின் நிர்வாகி.

முதல் மாதிரியை அந்த ஜீப் சேஸிஸ் மேலேயே கட்டினார்கள். டிராக்டரில் இருக்கிற மாதிரி ஸ்டீயரிங் நடுவில் இருந்தது. விற்பனைக்கு வந்தபோது அதை ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் எஃகுக்குக் கடுமையான பங்கீடு. அலுமினியம் கிடைத்தது. அதனால் பாடியை அலுமினியக் கலப்புத் தகட்டில் செய்தார்கள். அச்சுகளுக்குப் பெரிய செலவு செய்ய முடியாது என்பதால், எளிதில் வளைத்து எடுக்கிற தட்டையான தகடுகளாகவே வைத்தார்கள். இன்றைக்கும் பழைய லேண்ட் ரோவரைப் பார்த்தால் தீப்பெட்டி மாதிரி இருக்கும். அந்த உருவம் அழகுக்காக வரைந்ததில்லை. இருந்ததைக் கொண்டு செய்ததில் வந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று. இன்ஜினின் சுழற்சியை வெளியே எடுத்துக்கொள்ள பி.டி.ஓ. வசதி அந்த வண்டிக்கு உண்டு. கதிரடிக்கும் மெஷின், மரம் அறுக்கும் ரம்பம், பம்பு என்று எதை வேண்டுமானாலும் பூட்டலாம். சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போய், திரும்பி வந்து, அதே இன்ஜினில் கதிரடிக்கலாம். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டினார்கள். விலை 450 பவுண்டு. கூரைகூட தனிக் காசு. கார் வியாபாரம் சீராகிற வரைக்கும் இரண்டு மூன்று வருஷம் ஓட்டுகிற இடைக்கால ஏற்பாடு என்றுதான் கம்பெனி நினைத்தது. ஆனால் அந்த வம்சத்தின் கடைசி வண்டி சொலிஹல் ஆலையிலிருந்து வெளியே வந்தது 2016 ஜனவரியில். அதற்குள் 20 லட்சத்துக்கும் மேல் செய்திருந்தார்கள்.

இனி ஜாகுவார். இதையும் குறைத்துப் பேசக்கூடாது. உருவத்தைத் தீட்டியவர் மால்கம் சேயர், விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். காற்றைக் கிழித்துப் போகிற வளைவுகளைக் கணக்குப் போட்டு வரைந்தார். 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். மூன்று கார்புரேட்டர். 265 குதிரைத்திறன். மணிக்கு 240 கிலோமீட்டர் போகும் என்று கம்பெனி சொன்னது. 1961 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சிக்கு அந்தக் கூபேவைக் கோவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டே போய் நேரத்துக்குச் சேர்த்தார்கள். விலை 2,000 பவுண்டை ஒட்டி. அதே வேகத்தில் போகிற மற்ற கார்களுக்கு அதைப்போல இரண்டு மடங்கு கொடுக்கணும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஓர் இ டைப்பை, கூரை திறக்கிற வகையை, தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. கலைப்பொருள் என்று சொல்லும் அளவுக்கு அழகு. மறுக்க முடியாது.

எண்களை மட்டும் வைத்தால் போட்டி அங்கேயே முடிந்துவிடும். ஒரு பக்கம் 265 குதிரை. இன்னொரு பக்கம் 1.6 லிட்டர் இன்ஜினில் 50 குதிரை. ஒன்று 240 கிலோமீட்டர் வேகம். மற்றது 90 தொட்டாலே தகடெல்லாம் ஆடும். விளம்பரப் பலகையில் எழுதிப் போட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போ கேள்வியைத் திருப்பிப் போடுங்க. அந்த வேகத்தைக் கொடுக்க இ டைப் என்னென்ன கேட்கிறது?

தார் போட்ட, குழியில்லாத சாலை கேட்கும். அடிப்பகுதிக்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாத வண்டி அது. நம் ஊர் வண்டிப்பாதையில் நடுமேடு தட்டி நின்றுவிடும். தரமான பெட்ரோல் கேட்கும், அதையும் நிறையக் கேட்கும். மூன்று கார்புரேட்டரும் ஒரே மாதிரி மூச்சு விடும்படி சரிசெய்யத் தெரிந்த கை கேட்கும். கம்பி போட்ட சக்கரங்களை அவ்வப்போது இழுத்துக் கட்டணும். நெரிசலில் ஊர்ந்தால் சூடாகும் என்பது ஆரம்ப வண்டிகளைப் பற்றிப் பலரும் சொன்ன குறை.

அதாவது 240 கிலோமீட்டர் வேகம் முழுசாகக் காருக்குள் இல்லை. பாதி சாலையில் இருக்கிறது. மிச்சத்தில் ஒரு பங்கு பட்டறையில் இருக்கிறது. சாலையைப் போட்டுக் கொடுப்பது ஊரார் பணம். அதைக் கார் வாங்குகிறவர் விலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

இதுக்கு மேல ஒரு வேடிக்கை. 1965 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு மோட்டார்வே சாலைகளுக்கும் மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கிலோமீட்டர், என்று வரம்பு போட்டது. இ டைப் வந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் பாதிக்கு மேல் சொந்த நாட்டுச் சாலையில் சட்டப்படி செல்லாக்காசாகிவிட்டது. லேண்ட் ரோவரின் பி.டி.ஓ. வேலைக்கு அப்படி யாரும் தடை போடவில்லை.

லேண்ட் ரோவர் எதுவுமே கேட்காதா? கேட்கும். பெட்ரோல் அதுவும் குடிக்கும். சத்தம் காதைப் பிளக்கும். மழைக்கு ஒழுகும். குலுக்கலில் இடுப்பு போகும். பாடி அலுமினியம் என்றாலும் அடிச்சட்டம் எஃகு. உள்பக்கமாகத் துரு பிடித்து அரித்துவிடும். அலுமினியமும் எஃகும் ஒட்டுகிற இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு இன்னும் வேகம். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. உழவருக்கு என்று பிறந்த வண்டிதான் பிரிட்டிஷ் ராணுவத்தையும் அவர்கள் ஆண்ட நாடுகளின் போலீசையும் ஏற்றிக்கொண்டு போனது. வண்டிக்குச் சாதி, கட்சி கிடையாது. யார் ஓட்டுகிறார்களோ அவர்கள் வேலையைச் செய்யும்.

ஆனால் அது கேட்பவை எல்லாம் ஊருக்குள்ளேயே கிடைக்கிறவை. ஸ்பேனர், சுத்தி, கொஞ்சம் கிரீஸ், லேத் பட்டறை. நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தலாம். போல்ட்டைக் கழற்றிப் பக்கத் தகட்டையே மாற்றலாம். சாலை இல்லாவிட்டால் சாலைக்காகக் காத்திருக்காது.

அதன் பெரியண்ணன் மாதிரியான வில்லிஸ் ஜீப்பை நமக்கு நன்றாகவே தெரியும். நாடு விடுதலை பெற்ற காலத்தில் மகேந்திரா கம்பெனி அதை இங்கே பூட்டித் தர ஆரம்பித்தது. கம்பம், போடிப் பக்கம் விடியற்காலையில் ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்புகள் அந்த வம்சம்தான். அந்த ஊர்களில் ஜீப் மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்க. கம்பெனிப் பாகம் கிடைக்கவில்லை என்று வண்டியை நிறுத்தி வைத்திருக்க மாட்டார். கடைந்து, பற்றவைத்து, ஓட வைத்திருப்பார்.

இந்தக் கணக்கு உழவருக்குப் புதுசு இல்லை. இ டைப் வந்த ஐந்தாம் வருஷம், 1966இல், பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 நெல்லை வெளியிட்டது. அதன் விளைச்சல் பொய் இல்லை. ஆனால் அந்த விளைச்சலில் ஒரு பங்கு விதைக்குள் இருந்தது. மிச்சம் உரத்திலும் தண்ணீரிலும் பூச்சி மருந்திலும் இருந்தது. மூட்டைக் கணக்கை மட்டும் போஸ்டரில் போட்டார்கள். அது கேட்டதைப் போஸ்டரில் போடவில்லை. கடன் சீட்டில்தான் பார்த்தோம்.

அழகுக்கும் வேகத்துக்கும் நான் எதிரி இல்லைங்க. கொங்கு நாட்டில் ரேக்ளாவுக்குக் காளை வளர்க்கிறார்கள். அதற்குத் தனித் தீனி, தனிப் பராமரிப்பு, தனி ஆள். பந்தயத்துக்கு என்று தெரிந்தே வளர்ப்பதில் தப்பு என்ன? ரேக்ளா காளையைக் காட்டி "உழவுக்கும் இதுதான் சிறந்த மாடு" என்று விற்றால்தான் தப்பு. அந்த வகையில் இ டைப் நேர்மையான கார். நான் பந்தயச் சாயல் வண்டி, மூட்டை ஏற்றாதே என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

எனக்குக் கவலை லேண்ட் ரோவரைப் பற்றித்தான். 1970இல் அதே கம்பெனி ரேஞ்ச் ரோவர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆரம்ப வண்டிகளின் உள்பக்கத்தைத் தண்ணீர் அடித்தே கழுவலாம், சேற்றுக் காலோடு ஏறலாம். கொஞ்ச வருஷத்தில் அதற்குள் தோல் இருக்கையும் மரப் பலகை அலங்காரமும் வந்தன. இன்று அது நகரத்துப் பணக்காரர்களின் வண்டி. பழைய லேண்ட் ரோவரையும் விடவில்லை. தேடிப் பிடித்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து, துணி போர்த்திக் கொட்டகையில் நிறுத்துகிறார்கள். சேறு பட்டால் விலை குறையும் என்று வெளியே எடுப்பதில்லை. 2008இல் ஃபோர்டு கம்பெனியிடமிருந்து ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் டாடா மோட்டார்ஸ் சேர்த்து வாங்கியது. இன்று அந்த இரண்டு பெயருக்கும் ஒரே முதலாளி, ஒரே வகை வாடிக்கையாளர்.

இ டைப் கொட்டகையில் நின்றால் அது எதையும் இழக்கவில்லை. பார்க்கத்தான் செய்தார்கள், பார்க்கிறார்கள். லேண்ட் ரோவர் கொட்டகையில் நின்றால் அதன் வேலை போய்விட்டது. உழவரின் கருவி, உழவர் வாங்க முடியாத பொருளாகிவிட்டது. நம் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் பளபளப்பான பையில் ஏறி, விளைவித்தவர் வீட்டு உலையில் ரேஷன் அரிசி கொதிப்பதைப் பார்க்கிறோமே, அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று இந்த வண்டியின் கதை முன்கூட்டியே சொல்கிறது.

இதை நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது, நகரத்து வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்கு வரத் துடிக்கிற தம்பி தங்கைகளுக்கு. நிலம் வாங்கிய கையோடு நான்கு சக்கர இழுவை கொண்ட பெரிய வண்டி ஒன்றைத் தவணையில் எடுக்கிறவர்கள் உண்டு. "தோட்டத்துக்குப் போகணும்ல" என்பார்கள். விளம்பரத்தில் அது மலையேறுகிறது, ஆற்றைக் கடக்கிறது. நிஜத்தில் அதில் சாணம் ஏற்ற மனசு வராது. வேலிக்கல் ஏற்ற மனசு வராது. கண்ணாடி பிழைத்தால் போதும் என்று முள் பாதையைச் சுற்றிக்கொண்டு போவீர்கள். தோற்றத்தில் லேண்ட் ரோவர், நடப்பில் கூபே. மாதத் தவணை மட்டும் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரும். முதல் மூன்று வருஷம் மண்ணுக்குப் போகவேண்டிய காசு அது. பழைய பைக்கும், தேவைப்பட்டால் வாடகைக் குட்டியானையும் அந்த மூன்று வருஷத்துக்குப் போதும்.

"அப்போ பழைய காலத்துக்கே திரும்பச் சொல்றீங்களா?" என்று கேட்கலாம். இல்லை. 1948 வண்டியில் சீட் பெல்ட் கிடையாது, புகைக் கட்டுப்பாடு கிடையாது. இன்றைய இன்ஜின் அதே வேலைக்குக் குறைந்த எரிபொருள் குடிக்கிறது, குறைந்த புகை விடுகிறது. வண்டிக்குள் கணினி வந்ததால் வந்த நன்மைகளை ஏற்கத்தான் வேண்டும். நான் கேட்பது, அந்தக் கணினியின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

இந்த விஷயத்தில் லேண்ட் ரோவரும் இ டைப்பும் ஒரே கட்சி. இ டைப்பின் முன்பக்கம் முழுக்க ஒரே மூடியாகத் திறந்து முன்னால் சாயும். இன்ஜின் மொத்தமும் கண்ணுக்கு முன்னால். தெரிந்த கை, ஸ்பேனரோடு வேலையைத் தொடங்கலாம். இன்றைய பெரிய டிராக்டர்களில் பழுதைக் கண்டுபிடிக்கவே கம்பெனியின் மென்பொருள் வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. அமெரிக்காவில் விவசாயிகள் இதற்காகவே வருஷக்கணக்காகப் போராடினார்கள். கொலராடோ மாநிலம் 2023இல் பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டமே போட்டது. 2025 ஜனவரியில் அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் ஜான் டீர் கம்பெனி மீது இதே விஷயத்துக்காக வழக்குத் தொடுத்தது. நம் நாட்டில் நுகர்வோர் நலத்துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய துறைகளில் பண்ணைக் கருவிகளையும் சேர்த்தது. அந்த உரிமை சட்டமாக வரணும் என்பதை உழவர் அமைப்புகள் கோரிக்கைப் பட்டியலில் மேலே வைக்கணும். விதையை எடுத்து வைக்கிற உரிமைக்கு எவ்வளவு குரல் கொடுக்கிறோமோ, அவ்வளவு குரல் இதற்கும் வேண்டும்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது வாங்குகிற முடிவு. ஷோரூமில் விற்பனையாளர் குதிரைத்திறனும் வேகமும் சொல்வார். சொல்லட்டும். நீங்கள் ஐந்து கேள்வி கேளுங்க. இது பழுதானால் எங்கள் ஊர் மெக்கானிக் திறக்க முடியுமா? பாகம் எந்த ஊரில் கிடைக்கும், எத்தனை நாளில் வரும்? ஒரு வேலைக்கு மட்டுமா, வேறு கருவியும் பூட்டலாமா? மழை பெய்த மறுநாள் என் வயலில் இறங்குமா? வருஷத்தில் எத்தனை நாள் இதற்கு வேலை இருக்கு?

கடைசிக் கேள்விக்குப் பதில் பத்து நாள், பதினைந்து நாள் என்றால் அது நமக்குக் கூபே மாதிரிதான். நெல் அறுக்கிற பெரிய மெஷின் அப்படிப்பட்டது. வேலை பிரமாதம், ஆனால் தனியொருவர் வாங்கிக் கட்டிப்போட்டால் வட்டி தின்னும். அதை வாடகைக்கு எடுங்க. வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் பதிவு செய்யலாம். இல்லையென்றால் நான்கைந்து பேர் சேர்ந்தோ உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ வாங்குங்க. பழுது பார்க்கிற செலவும் எல்லோர் தலையிலும் பிரியும்.

வருஷம் முழுக்கக் கையில் புழங்குகிறதை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்க. பவர் டில்லரோ, பழைய டிராக்டரோ, ஜீப்போ, அது நம்மால் திறக்க முடிகிறதாக இருக்கட்டும். அதன் ஆயிலை நீங்களே மாற்றுங்க. அடுத்த தடவை மெக்கானிக் வரும்போது டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று போன் பார்க்காமல், கூடவே குனிந்து பாருங்க. எந்த போல்ட் எதுக்கு என்று வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்கணும்.